லோடு முறையை ரோபோவுக்குக் கொடுத்தது

அன்று அறையில் இருந்தவர்கள்: முதலாளி. மேனேஜர். சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்த பெண். கவுன்டர் அம்மா. நான். ஐந்து பேர்.

அறை என்றால் கீழவாஞ்சூர் சாலையோரத்தில் தகரம் போட்ட எங்கள் லாரி ஆபீஸின் பின்பக்கம். ஏசி அங்கே மட்டும்தான். அதுவும் கம்ப்யூட்டருக்காகப் போட்டது. ஜன்னலைத் திறந்தால் கரித்தூள் வரும். அதனால் திறப்பதில்லை.

எங்கள் தொழில் சுலபமாகச் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் கப்பல் நிலக்கரி இறக்கும். அதை லாரியில் ஏற்றி மின் நிலையத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் அனுப்புவோம். முதலாளிக்குச் சொந்த லாரி பன்னிரண்டு. மற்றதெல்லாம் வெளி லாரிகள். கப்பல் வந்துவிட்டால் எங்கள் யார்டில் நூறு லாரிக்கு மேல் நிற்கும். எது முன்னே போவது, எது பின்னே போவது என்பதற்குத்தான் முறை என்று பெயர். வந்த வரிசைப்படி முறை. கூப்பிட்ட நேரத்தில் டிரைவர் வண்டியில் இல்லையென்றால் முறை போய்விடும், கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் யார்டில் அடிதடி நடந்தது. அதற்குப் பிறகு மேனேஜர் இந்த விதியைப் போர்டில் எழுதி மாட்டினார். போர்டு இப்போதும் இருக்கிறது.

முறை போனால் ஒரு டிரைவருக்கு ஒரு நாள் போகும். சில சமயம் அதற்குள் கப்பலே காலியாகிவிடும். அப்புறம் அடுத்த கப்பல் வரும்வரை சும்மா.

இந்த முறையைப் பார்த்துக்கொண்டது கவுன்டர் அம்மா. தலத்தெருவிலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். டிரைவர்களுக்கெல்லாம் அக்கா. அவர் வீட்டுக்காரர் குவைத்தில் சாரம் கட்டும் வேலையில் இருந்தபோது விழுந்து, முதுகு போய்த் திரும்பியவர். வீட்டில் சம்பளம் என்றால் இந்த அம்மாவின் சம்பளம்தான். வேலை நிரந்தரம் இல்லை. வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்ட். மார்ச் முடிந்தால் மறுபடி கையெழுத்து.

என் வேலை எடைச்சீட்டு. லாரி எடைமேடையில் ஏறி இறங்கினால் ஒரு சீட்டு வரும். காலி எடை, லோடு எடை. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. எண் மட்டும் என்பதால் சமாளித்தேன். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. நான் நிரந்தரம்.

ரோபோ வரப்போகிறது என்று மேனேஜர் சொன்னபோது கை கால் வைத்த ஒன்றைத்தான் நினைத்தேன். டிரைவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"அது லாரி ஓட்டுமா அண்ணே?"

"ஓட்டாது."

"டீ குடிக்குமா?"

"குடிக்காது."

"குடிக்கவும் குடிக்காது, வாங்கியும் தராது. அப்ப நம்ம மேனேஜருக்குத் தம்பிதான்."

வந்த பிறகுதான் தெரிந்தது. அது ஒரு புரோகிராம். நாம் மவுஸை நகர்த்தி, கட்டத்தில் எண்ணைப் போட்டு, பட்டனை அழுத்துகிறோம் இல்லையா, அதையே ஆள் இல்லாமல் செய்யும். திரையில் அம்பு தானாக ஓடும். பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

எந்த வேலையை அதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம். சென்னைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண். யாரையும் அதட்டவில்லை. நாலு வேலைகளை ஒரு தாளில் எழுதியிருந்தாள். எடைச்சீட்டு அடிப்பது. லோடு முறை போடுவது. சரக்குக்கான இ-வே பில் போடுவது. லாரிகளின் இன்ஷூரன்ஸ், எஃப்சி தேதி பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டு மார்க் போட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறீர்கள்? ஒரே மாதிரி செய்கிறீர்களா, ஆளுக்கு ஆள் மாறுமா? யோசித்துச் செய்ய வேண்டியதா? விதியை மீறும் சந்தர்ப்பம் எத்தனை? விதியும் மாறாமல், தடவையும் அதிகமாக இருந்தால் அந்த வேலை ரோபோவுக்குச் சரி. முதலில் ஒன்றை மட்டும் எடுப்போம் என்றாள்.

"ஆபீஸ்ல எல்லா வேலையும் தெரிஞ்ச ஆள் இவர்தான். இவர்கிட்ட கேளுங்க," என்று மேனேஜர் என்னைக் காட்டினார்.

முதலில் என் வேலையைக் கேட்டாள்.

"சீட்டு எப்படி வரும் சார்?"

"பேப்பர்தாம்மா. கரி படிஞ்சிருக்கும். சிலது நனைஞ்சிருக்கும். எண் தெரியாது. எடைமேடைக்குப் போன் போட்டுக் கேப்பேன்."

"பத்துல எத்தனை அந்த மாதிரி?"

"மூணு," என்றேன்.

மூன்று என்பது மழைக்காலக் கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் அப்படி வரும். மற்ற நாளில் பத்துக்கு ஒன்று கூட வராது. அதை நான் சொல்லவில்லை. அவளும் எந்த மாதம் என்று கேட்கவில்லை. மூன்று என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்து லோடு முறை. அந்த நேரம் வெளியே கவுன்டரில் போன் அடித்தது. கவுன்டர் அம்மா எழுந்து போனார். மேனேஜர், "நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா," என்றார்.

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம்.

அந்த அம்மா வேலை செய்த விதம் இது. லாரி யார்டுக்கு வந்ததும் தேதி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் வண்டி எண்ணை எழுதுவார். கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டார். ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கூப்பிடுவார். யாராவது வரவில்லையென்றால் அடுத்தவரை விடுவார். வராதவரைக் கடைசிக்குத் தள்ள மாட்டார். பென்சிலில் ஒரு சுழி போட்டு வைப்பார். அந்த ஆள் வந்ததும் முன்னால் விடுவார். லாரி லோடு ஏறி வெளியே வந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் அடிப்பார். யார் எப்போது ஏற்றினார்களோ, அந்த வரிசையிலேயே வந்ததாக அடிப்பார். சாயங்காலம் பென்சில் தாள் குப்பைக்குப் போகும்.

இப்படிச் செய்தால் கம்ப்யூட்டரில் ஒரு பிசகும் இருக்காது. முறை மீறியதாக ஒரு வரி கூட இருக்காது. போர்டில் எழுதிய விதிக்கு ஆபத்து இல்லை. டிரைவருக்கும் ஆபத்து இல்லை. மற்ற டிரைவர் யாரும் முணுமுணுத்ததில்லை. இன்று அவனுக்கு என்றால் நாளை தனக்கு என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியாது.

சென்னைப் பெண் ஆறு மாதக் கணக்கைத் திரையில் ஓடவிட்டாள்.

"இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல சார். ஒரு எண்ட்ரி கூட மாறல. விதியை மீறவே மாட்டாங்களா?"

மேனேஜர் பெருமையாக உட்கார்ந்திருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"வரிசைப்படிதாம்மா," என்றேன்.

வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த அம்மா விதியை மீறியதாக ஆகும். மேனேஜர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அதற்காகத்தான் சொல்லவில்லை என்று அன்று நினைத்தேன். என் வேலைக்காகவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டில் எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மார்க் கூட்டினாள். லோடு முறை முதலில் வந்தது. எடைச்சீட்டு கடைசி.

கவுன்டர் அம்மா திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது. மேனேஜர் சொன்னார். அந்த அம்மா நின்றபடியே கேட்டார்.

"அப்ப எனக்கு என்ன வேலைங்க?"

"யாரையும் அனுப்பப் போறதில்ல," என்றார் முதலாளி.

"மார்ச்சுல கான்ட்ராக்ட் வரும்போது பாத்துக்கலாம். அது எப்படி ஓடுதுன்னு பாக்கணும்," என்றார் மேனேஜர்.

முதலாளி மறுத்துச் சொல்லவில்லை. அது மார்கழி மாதம்.

மத்தியானம் சாப்பிடும்போது அந்த அம்மா கேட்டார். "நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"வரிசைப்படிதான்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "அங்க வச்சு வேற என்ன சொல்ல முடியும்," என்றார்.

சீட்டைப் பற்றி நான் சொன்ன மூன்றை அவரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் சென்னைப் பெண் கவுன்டரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அவர் செய்வதையெல்லாம் பதிவு செய்தாள். பென்சில் தாள் மேஜைக்கு அடியில், மடியில் இருந்தது.

"ஏன்க்கா, லாரி வெளிய வந்தப்புறம்தான் அடிக்கிறீங்க?"

"கை வேலையா இருக்கும்மா. சேத்து அடிச்சிருவேன்."

"ரோபோ உடனே அடிச்சிரும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது."

"சரிம்மா," என்றார்.

ரோபோ தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஓட ஆரம்பித்தது. லாரி யார்டுக்குள் வந்ததும் டிரைவர் ஒரு எண்ணுக்கு வண்டி நம்பரை அனுப்ப வேண்டும். முறை வந்ததும் அவர் போனுக்கு மெசேஜ் வரும். பதினைந்து நிமிஷத்துக்குள் ஒன்று என்ற எண்ணைப் பதிலாகப் போட வேண்டும். போடாவிட்டால் கடைசி.

நான்கு நாள் நன்றாகத்தான் ஓடியது. மேனேஜர் எல்லோருக்கும் காட்டினார். டிரைவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்னக்கா, மெசேஜ்ல 'மதிப்பிற்குரிய ஓட்டுநரே'ங்கிறீங்க. நேர்ல 'ஏண்டா எருமை, எங்கடா போன'ங்கிறீங்க."

"அது நான் இல்லடா."

"அதான் பாத்தேன். அக்காவுக்கு இவ்ளோ மரியாதை தெரியாதேன்னு."

கவுன்டர் அம்மா சிரித்தார். கையில் வேலை இல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆபீஸில் கண்ணாடியைத் துடைத்தால் அரை மணியில் மறுபடி கறுத்துவிடும். மறுபடி துடைத்தார். நடுவில் இரண்டு பேருக்கு அவர் போன் போட்டுச் சொன்னதை நான் பார்த்தேன். அவர்களுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது.

வியாழக்கிழமை மாலை புறப்படும்போது என்னிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைண்ணே."

"ஆமா."

"மேனேஜர்ட்ட சொல்லவா?"

நான் யோசித்தேன். "இத்தன வருஷம் எப்படி நடந்துச்சுன்னு கேப்பாரும்மா."

"கேப்பாரு." நின்றுகொண்டே இருந்தார். "நான் போன் போட்டு, அவங்கவங்க போன்லேருந்து ஒன்ன போட்டுட்டுப் போகச் சொல்லிரட்டா?"

"பதில் போட்டா வண்டிய எடுக்கணுமே. எடுக்கலேன்னா பின்னாடி வர்ற வண்டியெல்லாம் கேட்ல நின்னுரும்."

"ஆமாண்ணே," என்றார். பஸ் வந்தது. போனார்.

சொல்லுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். யார்டில் இருந்த முஸ்லிம் டிரைவர்கள் கை கால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். எப்போதும் போவது போல, வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைப் பக்கத்து வண்டியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். போனை அணைத்துவிட்டார்கள். அவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இருந்ததில்லை. அக்கா முறையை வைத்திருப்பார்.

கவுன்டர் திரையில் அம்பு ஓடியது. நாலைந்து பேருக்கு ஒன்றாக மெசேஜ் போனது. பதினைந்து நிமிஷம். கடைசி. மறுபடி மெசேஜ். பதினைந்து நிமிஷம். கடைசி. நானும் அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த அம்மா ஒரு தடவை மவுஸைப் பிடித்தார். அவருடைய பாஸ்வேர்டு இப்போது ரோபோவிடம் இருந்தது. திறக்கவில்லை.

பதினொரு பேர்.

முதலில் திரும்பி வந்தவர் வயதான டிரைவர். எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். முறையில் பதினேழாவதாக இருந்தார். இப்போது அறுபது வண்டிக்குப் பின்னால். அந்தக் கப்பலில் மீதி இருந்த கரிக்கு அறுபது லாரி தேவைப்படாது. அது அவருக்கும் தெரியும். கவுன்டருக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"என்னம்மா இது?"

"மெசின் போட்டுருச்சு நானா."

"மெசினு போடட்டும்மா. நீ எங்க போன?"

அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"நான் ஊர் சுத்தவா போனேன்? தொழுவத்தானே போனேன். இங்க எத்தன வருசமா ஓட்டுறேன், வெள்ளிக்கிழம என் முறை போனதுண்டா?"

"இல்ல நானா."

"அப்ப இன்னைக்கு மட்டும் என்னம்மா?"

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அவர்களோடு ஜும்மாவுக்குப் போகாத டிரைவர்களும் வந்தார்கள். போகாதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். மன்னார்குடிப் பக்கத்து டிரைவர் ஒருவர் முன்னால் போக வேண்டியவர். அவரே போய் தன் வண்டியை கேட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டு இறங்கினார்.

"நானாவ விட்டுட்டு நான் முன்னாடி ஏத்துனா நாளைக்கு எனக்கு யாரு இருக்கா? எங்கப்பன் காரியத்துக்குப் போனப்ப என் வண்டிய நானாதான நகத்தி வச்சாரு? அந்த மெசினா நகத்தி வச்சுது? வரச் சொல்லுங்க அத."

லோடிங் நின்றது. துறைமுகத்திலிருந்து மேனேஜருக்குப் போன் மேல் போன். இரண்டு மணி நேரம். கடைசியில் முதலாளியே வந்து, பழையபடி வரிசையை வாயால் சொல்லச் சொல்லி லாரிகளை அனுப்பினார். கவுன்டர் அம்மா பதினொரு பேரையும் ஒரு தாளைப் பார்க்காமல் வரிசையாகச் சொன்னார்.

மாலையில் அதே அறை. சென்னைப் பெண் அன்று போனில் இருந்தாள், ஸ்பீக்கரில். மற்ற நாலு பேர் நேரில்.

"விதிப்படிதானே அது செஞ்சுது? போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்றார் மேனேஜர். "இத்தன வருஷம் வெள்ளிக்கிழமை ஒரு பிரச்சனையும் வரலையே?"

முதலாளி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த நேரத்துல நானும் பள்ளியிலதான் இருந்தேன்," என்றார். "எனக்கு முன்னாடி ஸப்பு வரிசையில நம்ம டிரைவருங்க நாலு பேர். ஒரு வெள்ளியும் நான் யோசிச்சதில்ல, இவன் வண்டி அங்க என்ன ஆகும்னு." கவுன்டர் அம்மாவைப் பார்த்தார். "எப்படிம்மா நடந்துச்சு?"

"நான் வச்சிருப்பேன் மொதலாளி."

"எவ்ளோ நாளா?"

"வேலைக்கு வந்ததுலேருந்து."

மேனேஜருக்கு முகம் மாறியது. "விதிய மீறி, கம்ப்யூட்டர்ல மாத்தி அடிச்சு..."

"மாத்தி அடிக்கலைங்க. ஏத்துனப்புறம் அடிச்சேன்."

அப்போது நான் சொன்னேன். "எனக்கும் தெரியும். அன்னைக்குக் கேட்டப்ப நான்தான் சொல்லல. இன்னொண்ணு. எடைச்சீட்டுல பத்துக்கு மூணுன்னு சொன்னேன். அது மழைக்காலக் கணக்கு. மத்த நாள்ல பத்துக்கு ஒண்ணு கூட வராது. ரோபோவுக்கு என் வேலைதான் சரி. முறை வேலைய விட்டுருங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவ்வளவு நான் அந்த அறையில் பேசியதில்லை. கவுன்டர் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மூன்று என்று நான் சொன்னதை அப்போதுதான் அவர் கேள்விப்பட்டார்.

ஸ்பீக்கரில் அந்தப் பெண் பேசினாள். "நன்றி சார். நல்ல தகவல். அப்ப எடைச்சீட்டை அடுத்த கட்டமா எடுத்துக்கலாம். லோடு முறையை நிறுத்த வேண்டாம். விதிவிலக்கு இருந்தா சொல்லித் தரலாம். வெள்ளிக்கிழமை ரொம்ப ஈஸி, ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கிறதுதான். வேற என்னென்ன இருக்குன்னு எழுதிக் கொடுத்தா போதும்."

நான் சொன்னதால் அந்த அம்மாவின் வேலை தப்பவில்லை. என் வேலையும் சேர்ந்து கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

"எழுதிக் கொடுங்க," என்றார் மேனேஜர்.

"விதிய இனிமே மாத்தி எழுதுவோம். நீ செஞ்சது தப்பு இல்லம்மா," என்றார் முதலாளி. அந்த அம்மா தலையாட்டினார்.

மூன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினோம். அவர் சொன்னார், நான் எழுதினேன். என் எழுத்து மெதுவாக வரும். அவர் காத்திருந்து சொன்னார்.

மின் நிலையத்துக்குப் போய் இரவு முழுக்க ஓட்டித் திரும்பியவருக்கு முறை வந்தாலும் நீள ஓட்டம் தரக் கூடாது. நாலு மணி நேரம் தூங்கவிட்டு, முறையை வைத்திருக்க வேண்டும். சர்க்கரை உள்ள டிரைவர் இரண்டு பேர், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடக் கூடாது. அண்ணன் தம்பி இருவர் பேச்சுவார்த்தை இல்லை, லோடரில் முன்னும் பின்னுமாக விடக் கூடாது. ஒருவருக்குத் தார்ப்பாய் கிழிசல், மழை மூட்டமாக இருந்தால் தைத்து வரும்வரை வைத்திருக்க வேண்டும். மவுத்து வீடு, சாவு வீடு, எவ்வளவு நேரமானாலும் முறை போகாது. ஒருவர் பஞ்சர் என்று பொய் சொல்வார், மூன்று தடவைக்கு நம்பக் கூடாது, நாலாவது நம்பலாம். மண்டபத்தூர்க்காரர் ஒருவருக்குப் படிக்கத் தெரியாது, போனும் எடுக்க மாட்டார், அவர் மனைவியின் போனுக்குச் சொன்னால் மனைவி பக்கத்து வண்டிக்காரருக்குப் போட்டுச் சொல்வார்.

நான் பேனாவை வைத்தேன். "எல்லாத்தையும் சொல்லாதம்மா."

"ஏண்ணே?"

"பாதிய வச்சுக்க. உனக்கு அது வேணும்."

அவருக்குப் புரியாமல் இல்லை. வெளியே யார்டைப் பார்த்தார்.

"நான் சொல்லாம வச்சிருந்தா, அது தெரியாம எவனாவது தூக்கத்துல ஓட்டிட்டுப் போவான்ணே. எழுதுங்க."

இன்னொன்று சொன்னார். ஒரு டிரைவர் சில நாள் குடித்துவிட்டு வருவார். அவருக்கு மட்டும் இந்த அம்மா லோடு சீட்டை ஆள் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார். கவுன்டருக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்வார். வாடை அடித்தால், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, போய்ப் படுடா என்று அனுப்பிவிடுவார். முறையை வைத்திருப்பார்.

இதைச் சென்னைப் பெண் படித்துவிட்டுப் போன் செய்தாள். "அக்கா, இதை எப்படி ரோபோவுக்குச் சொல்லித் தர்றது?"

"மூக்கு வைம்மா," என்றார் அந்த அம்மா. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எழுதி முடித்தது நாற்பத்து மூன்று. ரோபோவுக்குப் புரியவைத்தது முப்பத்தொன்று. மீதியை ஆள் பார்க்க வேண்டும் என்று முடிவானது.

அந்த ஆள் யார் என்பதை மேனேஜர் மார்ச் கடைசி வாரம் சொன்னார். எடைச்சீட்டு ரோபோவுக்குப் போவதால் எனக்கு இருக்கை இல்லை. நான் நிரந்தரம், என்னை அனுப்ப முடியாது. அந்த அம்மா கான்ட்ராக்ட். ஆகவே கவுன்டரில் நான். கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. முதலாளி அந்த வாரம் துபாயில் மகன் வீட்டில் இருந்தார். போனில் கேட்டதற்கு மேனேஜர் சொல்வதுதான் என்றாராம்.

நான் மேனேஜரிடம் போய், அவங்களை வைத்துக்கொள்ளுங்கள், நான் யார்டில் நிற்கிறேன் என்றேன்.

"யார்டுல என்ன செய்வீங்க?"

"ஏதாவது."

"ஏதாவதுக்கு ஆள் போட முடியாதுங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கடைசி நாள் அந்த அம்மா போனில் இருந்த டிரைவர்கள் எண்ணையெல்லாம் என் போனுக்கு மாற்றிக் கொடுத்தார். மாற்ற எனக்குத் தெரியாது. அவரே செய்தார். எந்த எண் யாருடையது, யாருக்கு எந்த நேரம் போட்டால் எடுப்பார் என்று சொன்னார்.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன்.

"எதுக்குண்ணே," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது கவுன்டரில் நான் உட்கார்கிறேன். அம்பு ஓடுகிறது. அதற்குத் தெரியாதது வந்தால் ஒரு வரி சிவப்பாகும். நான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாங்கள் எழுதியதில் இருக்கும். நானே எழுதியதால் நினைவில் இருக்கிறது. சிலது எழுதியதில் இருக்காது. புது டிரைவர், புதுக் காரணம். நம்பலாமா, கூடாதா, நிறுத்தி வைப்பதா, விடுவதா. யோசித்துப் பார்ப்பேன். தெரியாது.

அப்போது அந்த அம்மாவுக்குப் போன் செய்கிறேன். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். எடுக்காமல் இருந்ததில்லை. சத்தத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுவார். நான் விஷயத்தைச் சொல்வேன். "அவன் பொய் சொல்ல மாட்டாண்ணே, வைங்க" என்பார். இல்லையென்றால், "விடுங்க, நாளைக்கும் இதையேதான் சொல்வான்" என்பார். வைத்துவிடுவார். வேறு பேச்சு இல்லை. ஏன் என்னைக் கேட்கிறீர்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

மேனேஜர் போன வாரம் கேட்டார், ரோபோ எப்படி ஓடுகிறது என்று.

"ஓடுதுங்க," என்றேன்.

ஏப்ரலிலிருந்து அந்த அம்மாவுக்கு நான் போன் செய்ததை நேற்று எண்ணிப் பார்த்தேன். பதினான்கு.